பதிலுக்குக் காத்திராத முயல்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு எவ்வளவு நீளுமோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் புன்னகைக்கும் பெருந்தகையீர்! இந்த மழலையர் பள்ளியைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் வளர்த்தெடுத்த நிர்வாகப் பெரியோர்களே! பாடம் சொல்லியும் பல்லைத் துலக்கச் சொல்லியும், மூக்கைத் துடைத்தும் முகத்தை மலர்த்தியும் ஓயாத ஆசிரியப் பெருமக்களே! மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! 'சீக்கிரம் முடிஞ்சிடும், வாங்க' என்று அழைத்து வரப்பட்டு, நம்பிக்கையோடு கதவோரம் இடம் பிடித்திருக்கும் தந்தைமார்களே! நாற்காலிகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கும் செல்வங்களே! உங்கள் அனைவரின் முன்னும் கைகூப்பி நிற்கிறேன்.

என்னை அறிமுகப்படுத்திய செயலாளர் அவர்கள், "இவர் வாயைத் திறந்தால் அருவி" என்றார். நன்றி ஐயா. ஆனால் இன்றைக்கு அருவி பெருகவில்லை, பதறுகிறது. திரையும் குழந்தையும் என்று தலைப்புக் கொடுத்தீர்கள். அந்தத் தலைப்பைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் மருத்துவன் அல்லன். மனநூல் கற்றவன் அல்லன். ஆய்வு செய்தவனும் அல்லன். பின் எந்தத் தகுதியில் வந்து நிற்கிறேன்? ஒரே ஒரு தகுதி. நான் ஒரு தாய்மாமன்!

கைதட்டாதீர்கள். கதையைக் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

எனக்கு ஒரு தங்கை. அவளுக்குத் தொழில், குரல். நான் மேடையில் நின்று பேசிப் பிழைக்கிறேன். அவள் அறையில் நின்று பேசிப் பிழைக்கிறாள். படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவள். குழந்தைகள் பார்க்கிற தொடர் ஒன்றில் மஞ்சள் முயல் ஒன்று வரும். துள்ளி என்று பெயர். குதித்துக் குதித்து நிறம் சொல்லும், எண் சொல்லும், பாட்டுப் பாடும். அந்தத் துள்ளியின் குரல் என் தங்கையின் குரல். அவள் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் கடையில் நின்று, "அரைக் கிலோ தக்காளி குடுங்க" என்று அவள் கொஞ்சம் உற்சாகமாகக் கேட்டுவிட்டால் போதும், பக்கத்தில் ஒரு தாயின் இடுப்பில் இருக்கிற கைக்குழந்தை சடாரென்று திரும்பும். தக்காளிக்குள் முயலைத் தேடும்!

சிரிக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். பெருமையாகச் சிரித்தோம்.

அவளுக்கு ஒரு மகள். சிட்டு என்று கூப்பிடுவோம். தந்தை பேருந்து ஓட்டுநர். விடியுமுன்னே ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை என்று மாறி மாறி வேலை. தாய் வீட்டில் இருக்கும் நேரம் தந்தை சாலையில் இருப்பார். தந்தை வீட்டில் இருக்கும் நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். அடுப்பில் பால் பொங்கும், துணி துவைக்கும் எந்திரம் கூவும், வாசல் மணி அடிக்கும், இடுப்பில் பிள்ளை நெளியும். என்ன செய்வாள் ஒருத்தி? சொல்லுங்கள், என்ன செய்வாள்? நம்மில் எத்தனையோ பேர் செய்ததைத்தான் செய்தாள். திரையைப் போட்டாள். பிள்ளை அடங்கியது. வாயைத் திறந்தது. சோறு இறங்கியது. வீடு நிமிர்ந்தது.

ஊட்டும்போது திரை. உடை மாற்றும்போது திரை. நகம் வெட்டும்போது திரை. தலை சீவும்போது திரை. முதலில் துணைக்கு வந்தது, பிறகு துரையாக அமர்ந்தது! அது அணைந்தால் வீடே அலறியது. அது ஒளிர்ந்தால் வீடே உறங்கியது.

ஒருநாள் நான் கேட்டேன். "ஏம்மா, பிள்ளை எந்நேரமும் இதையே பாக்குதே?"

அவள் சொன்ன பதில் இருக்கிறதே, அதை எந்த வழக்கறிஞராலும் வெல்ல முடியாது. "அண்ணா, வேற எவளோ பேசுறதையா அவ கேக்குறா? என் குரலைத்தானே கேக்குறா! நான் சமையல்கட்டுல இருக்கேன், என் குரல் அவகூட இருக்கு. இதுல என்ன தப்பு?"

என்ன தப்பு? எனக்கும் தெரியவில்லை. வாயடைத்துப் போனேன். ஆமாம் ஐயா, நானேதான்!

சிட்டுவுக்கு மூன்று வயது நெருங்கியது. பேச்சு வரவில்லை. முயல் பாடும் பாட்டின் வாலைப் பிடித்து ஏதோ முனகுவாள். ஆனால் 'அம்மா' என்று அழைத்ததில்லை. 'தா' என்று கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைத் தூக்கி எறிவாள். "பேசுவா, பேசுவா, சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்றார்கள் வந்தவர்கள். "அவங்க மாமாவுக்கும் சேத்து ஒருநாள் பேசுவா பாரு" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். தாய் சிரிக்கவில்லை.

ஒரு நண்பகல். நானும் இருந்தேன். கூடத்தில் சிட்டு தரையில் அமர்ந்து திரையைப் பார்க்கிறாள். துள்ளி குதிக்கிறது. படம் மாறுகிறது, மாறுகிறது, மாறுகிறது. கண் சிமிட்ட நேரமில்லை. தங்கை பின்னால் வந்து நின்று மகளின் பெயரைச் சொன்னாள். குழந்தை திரும்பவில்லை. இன்னும் உரக்க அழைத்தாள். திரும்பவில்லை. குனிந்து காதோரம் அழைத்தாள். ஈயை விரட்டுவதுபோல் கையை வீசினாள் சிட்டு.

என் தங்கையின் முகம் மாறியது. எட்டித் திரையை அணைத்தாள். குழந்தை வீறிட வாயைத் திறந்த அந்தக் கணத்தில், இவள் முயலின் குரலில் கூப்பிட்டாள். "சிட்டுக் குட்டி! எங்க இருக்கே நீ?"

அழுகை நின்றது. முகம் பூத்தது. குழந்தை எழுந்தது. எழுந்து எங்கே போனது தெரியுமா, தாய்மார்களே?

தாயிடம் போகவில்லை!

தாய் அங்கேதான் நிற்கிறாள். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். குழந்தை அவளைத் தாண்டிப் போய், தொலைக்காட்சிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்து, பின்பக்கம் தேடுகிறது. ஒயர்களுக்கு நடுவே தேடுகிறது. தூசிக்கு நடுவே தேடுகிறது. அம்மாவின் குரலுக்கு உரியவளை, அம்மாவை விட்டுவிட்டு, அட்டைக்கும் ஆணிக்கும் பின்னால் தேடுகிறது!

தங்கை சத்தம் போட்டு அழவில்லை. "அண்ணா, நான் இங்க இருக்கேன்னு அவகிட்ட சொல்லேன்" என்றாள். அவ்வளவுதான். நான் என்ன சொல்ல? எந்தச் சொல்லால் சொல்ல?

இனி தாமதிக்கலாமா? ஓடினோம். காது சோதித்தார்கள், காதில் குறையில்லை. மருத்துவர் பார்த்தார், பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் ஒருவரிடம் அனுப்பினார். அந்த அம்மையார் நேர்மையானவர். "பேச்சு தாமதமாகுற எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. இவளுக்கும் இது மட்டும்தானான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல திரையை நிறுத்துங்க. அவகூடப் பேசுங்க. பேசிட்டு, கொஞ்சம் பொறுங்க" என்றார். அதையேதான் நானும் இங்கே சொல்கிறேன். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை.

'பேசிட்டு, கொஞ்சம் பொறுங்க.' அந்தக் கடைசிச் சொற்களை அன்று நாங்கள் யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அடுத்த வாரம் தங்கை ஒலிப்பதிவு அறைக்குப் போனாள். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. ஊசி விழுந்தாலும் ஓசை எழாத அறை. முன்னால் மைக். காதில் ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், நல்ல தம்பி, இவளை அக்கா என்றுதான் அழைப்பான். அன்றைய காட்சியில் துள்ளி கேட்க வேண்டும், 'சிவப்புப் பந்து எங்கே?' பிறகு சொல்ல வேண்டும், 'இதோ இருக்கே!'

தங்கை கேட்டாள்: "சிவப்புப் பந்து எங்கே?" ஒரு மூச்சு நின்றாள். பிறகு, "இதோ இருக்கே!"

காதில் அவன் குரல். "அக்கா, நடுவுல இடைவெளி விழுது. ஒட்டிப் பேசிடுங்க."

"குழந்தை தேட வேணாமா தம்பி?"

"தேட விட்டா வேற பக்கம் திரும்பிடுமாம் அக்கா. மேல இருந்து சொல்லியிருக்காங்க. நீங்க இடைவெளி விட்டாலும் நான் வெட்டித்தான் ஆகணும். இத்தனை நாளா வெட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

அவன் தீயவன் அல்லன், பெரியோர்களே. தன் வேலையைச் செய்தான். ஆனால் அந்தச் சொல் அவள் நெஞ்சைப் பிளந்தது. இத்தனை நாளாக அவள் குரல் அவள் மகளிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறது. பூ எங்கே, பூனை எங்கே, பெரியது எது, சிறியது எது? ஒன்றுக்கேனும் பதில் சொல்லப் பிள்ளைக்கு நேரம் இருந்ததா? கேட்டதும் முயல். சொன்னதும் முயல். குதித்ததும் முயல். கைதட்டியதும் முயல்! நடுவே ஒரு பிள்ளை இருந்தது என்பதை யார் நினைத்தார்கள்? அது வாயைத் திறக்க நினைத்த இடமெல்லாம் வெட்டுப்பட்டு விழுந்தது. பேச்சு எங்கே பிறக்கிறது? ஒருவர் கேட்டுவிட்டு நிறுத்துகிறாரே, அந்த மௌனத்தில் பிறக்கிறது! அந்த மௌனத்தையே எடுத்துவிட்டால், மொழி எங்கே போய் முளைக்கும்?

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "தம்பி, இன்னைக்கு எனக்குக் குரல் வரல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தாள். பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். கைப்பேசியை அலமாரியின் உச்சியில் வைத்தாள். அன்று தொடங்கியது புயல்!

முதல் நாள் அழுகை. மறுநாள் அலறல். அதற்கடுத்த நாள், கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது. தட்டு பறந்தது, தலையணை பறந்தது, என் மூக்குக் கண்ணாடியும் பறந்தது. சுவரில் தட்டினார் பக்கத்து வீட்டுக்காரர். மேல்வீட்டு அம்மா இறங்கி வந்து, "பிள்ளைய அடிக்கிறீங்களா?" என்றே கேட்டுவிட்டார். குழந்தை கறுத்துப்போன திரையின் முன் உட்கார்ந்து அதை உள்ளங்கையால் தேய்க்கும். தேய்த்துவிட்டு எங்களைப் பார்க்கும். ஒரு இடத்தில் நிற்காது. கூடம், சமையலறை, குளியலறை, மறுபடி கூடம். கூண்டுக்குள் காற்று சுழல்வதைப்போல் ஒரு சுழற்சி. அதைப் பார்த்த எங்களாலும் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். சாலையின் இரைச்சல் இன்னும் அவர் காதில் இருந்தது. பொறுத்துப் பார்த்தார். பிறகு கத்தினார்.

"ஒரு பத்து நிமிஷம் போட்டு விடேன்! செத்தா போயிடுவா?"

"போட மாட்டேன்."

"நாளைக்கு நான் வண்டி ஓட்டணும். என் பின்னால பஸ் நிறைய ஆளுங்க உக்காந்திருப்பாங்க. தூங்காம எப்படி ஓட்டுறது?"

"அப்ப நீங்க கையில வெச்சிருக்கீங்களே, அதைக் கீழ வைங்க. அஞ்சு நிமிஷம் அவகிட்ட உக்காருங்க. அப்புறம் தூங்குங்க."

அவர் தம் கையைப் பார்த்தார். அதில் கைப்பேசி இருந்தது. கட்டைவிரல் அப்போதும் தள்ளிக்கொண்டே இருந்தது. சண்டை போடும்போதும் தள்ளிக்கொண்டே இருந்தது! அவருக்கே அது தெரியவில்லை.

தந்தைமார்களே, கடைசி வரிசையில் சட்டைப் பைக்குள் ஏதோ திடீரென்று போகிறதே, அதை நான் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை!

மாப்பிள்ளை நேரே போனார். அலமாரி உச்சியில் அவள் கைப்பேசிக்குப் பக்கத்தில் தம்முடையதையும் வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். குழந்தை அவரை மிதித்தது, தலைமயிரைப் பிடித்து இழுத்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பேருந்தையே திருப்பும் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தன.

நான் சும்மா இருப்பேனா? மாமன் ஆயிற்றே! தினமும் மாலையில் போவேன். குழந்தையின் முன் உட்கார்ந்து, "சிட்டுக் கண்ணு, இது என்ன? இது கரண்டி! இது எதுக்கு? கிண்டுறதுக்கு! யாரு கிண்டுவா? அம்மா கிண்டுவா!" என்று மழையாகப் பொழிவேன். கேள்வியும் நானே, பதிலும் நானே.

தங்கை என்னை முறைப்பாள். "அண்ணா, நீயும் முயலாட்டமே பேசுறே. மாமா, சும்மா இரு. அவ சொல்லட்டும்" என்பாள், பிள்ளை என்னை அழைக்க வேண்டிய முறையிலேயே அழைத்து.

"அவதான் சொல்ல மாட்டேங்கிறாளே!"

"சும்மா இரு மாமா. பொறு."

சும்மா இருப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? கேள்வியைக் கேட்டுவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு! நாக்கு துடிக்கும், கால் ஆடும், கை எதையோ தேடும். குழந்தைக்கு மட்டுமா திரை நோய்? எனக்கும் ஒரு மௌனத்தைத் தாங்கும் வலிமை இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் பொறுத்தாள். கேட்பாள், நிறுத்துவாள், பார்ப்பாள். பதில் வராது. மறுபடி கேட்பாள், நிறுத்துவாள், பார்ப்பாள். சுவரோடு பேசுகிறாளோ என்று எனக்கே பயம் வரும்.

புயல் மெல்ல ஓய்ந்தது. சில வாரங்களில் குழந்தை கத்தாமல் தரையில் படுத்துக்கிடக்கத் தொடங்கினாள். சலிப்பு! அவள் வாழ்வில் முதல் முதலாகச் சலிப்பு! சலிப்பு வந்ததும் கண் சுற்றிலும் பார்த்தது. கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்த வெங்காயத்தைப் பார்த்தது. எறும்பைப் பார்த்தது. அம்மாவின் கால் பெருவிரலைப் பார்த்து, தொட்டுப் பார்த்து, மேலே நிமிர்ந்து, அந்தக் காலுக்கு உரியவள் முகத்தைப் பார்த்தது.

அந்த மாலை வந்தது. துவைத்த துணியைத் தங்கை தரையில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். சிட்டு ஒரு சட்டையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். காக்கிச் சட்டை.

"இது யாரோட சட்டை?" என்றாள் தாய். நிறுத்தினாள்.

கூடத்தில் ஓசையில்லை. குழந்தை சட்டைக்குள்ளிருந்து பார்க்கிறது. உதடு குவிகிறது. விரிகிறது. எனக்கோ தாங்கவில்லை! மேடைப் பேச்சாளன் அல்லவா, விட்ட வாக்கியத்தை முடிக்காமல் இருக்க முடியுமா? "அது உங்க அ..." என்று தொடங்கினேன்.

காக்கிச் சட்டைக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கை வெளியே நீண்டது. என் வாயை நோக்கி நீண்டது. ஒரு குரல் வந்தது.

"மாமா, ம்மா இரு!"

ஆம்! அதுதான் அவள் பேசிய முதல் வாக்கியம்! முயலிடம் கற்றதன்று, எந்தத் திரையும் சொல்லித் தந்ததன்று. அந்த வீட்டின் நிஜமான எரிச்சலில், நிஜமான முகத்தைப் பார்த்து, நிஜமான மாமனிடம் சொல்லக் கற்றுக்கொண்ட சொல்! எத்தனையோ பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள் எனக்கு, எத்தனையோ பட்டம் சூட்டியிருக்கிறார்கள். எதுவும் அதற்கு ஈடாகுமா? நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். தங்கை சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேலையை முடித்தாள். "ப்பா சட்டை."

இப்போது தட்டுங்கள்! ... போதும், போதும். கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

தங்கை தயாரிப்பு அலுவலகத்துக்குப் போனாள். "ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் கொஞ்சம் இடைவெளி விடுங்க, பிள்ளைங்க பதில் சொல்லட்டும்" என்று கேட்டாள். மேலாளர் மரியாதையாகத்தான் பதில் சொன்னாராம். "நல்ல யோசனைதான் மேடம். ஆனா அந்த இடைவெளியில பிள்ளை எழுந்து போயிட்டா?" இவள், "போகட்டுமே சார். எழுந்து போறதுக்குத்தானே கால் இருக்கு!" என்றாள். துள்ளிக்கு இப்போது வேறொருவர் குரல் கொடுக்கிறார். தங்கை பெரியவர்கள் தொடர்களில் அழுதுகொண்டிருக்கிறாள். அதற்கும் ஆள் தேவைப்படுகிறதே!

சிட்டு எப்படி இருக்கிறாள்? ஒத்த வயதுப் பிள்ளைகளைவிடப் பேச்சில் இன்னும் பின்னால்தான் இருக்கிறாள். பயிற்சிக்குப் போகிறாள். சில நாள் நன்றாகப் பேசுகிறாள். சில நாள் யாரையும் பார்க்காமல் மூலையைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். அன்றைக்குத் தாயும் அந்த மூலையிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். மந்திரம் எதுவும் நடக்கவில்லை. வெற்றி முரசு கொட்ட நான் வரவில்லை. ஆனால் அவள் பெயரைச் சொன்னால் திரும்புகிறாள். அழைத்தவரை நோக்கித் திரும்புகிறாள்!

தாய்மார்களே, தந்தைமார்களே! திரைகளையெல்லாம் தெருவில் போட்டு உடையுங்கள் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடக்கும் தாய் சற்றே கண்ணயர ஒரு திரை உதவினால், அவளைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று கேட்கிறேன். மின்னி மின்னி மாறும் ஒளிக்குப் பழகிய கண்ணுக்கு, அசையாத உங்கள் முகம் சலிக்காதா? ஓயாமல் ஒலிக்கும் குரலுக்குப் பழகிய காதுக்கு, எப்போதேனும் பேசும் உங்கள் குரல் கேட்குமா? கேட்பதற்கு முன்பே கிடைத்துப் பழகிய கைக்கு, காத்திருக்கத் தெரியுமா? வளரும் பிள்ளைக்கு நாம் தர வேண்டியது பொம்மையா, பொருளா, புதுப் புதுப் படமா? இல்லை, இல்லை! ஒரு கேள்வி, பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் நம் முகம். அது கசக்கும், கனக்கும், கடுப்பேற்றும். பொறுங்கள். அந்த மௌனம் பிள்ளையின் இடம். அதை வேறு எதைக்கொண்டும் நிரப்பிவிடாதீர்கள்!

முடிக்கப்போகிறேன், தலைவர் அவர்களே. முடிக்குமுன் ஒன்று செய்து பார்க்க அனுமதி தாருங்கள். அதோ, நான்காவது வரிசையில் பச்சைக் கவுன் போட்ட பாப்பா. ஆமாம், நீதான் கண்ணு. இன்னைக்கு இங்க வர்ற வழியில நீ என்ன பாத்தே?

சொல்லிக் கொடுக்காதீர்கள் அம்மா. யாரும் பேசாதீர்கள். பொறுப்போம்.

...

உங்களுக்கு இருமல் வருகிறது, தெரிகிறது. பொறுங்கள்.

...

என்னம்மா? சத்தமா சொல்லு. நாயா? ... மூணு காலா? மூணு காலோட ஓடுச்சா! ... அதுக்கப்புறம்? ... உன்னைப் பாத்துச்சா!

அம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மேடைக்குக் கேட்கவில்லை. ... "நானும் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான வந்தேன், நான் பாக்கலையே" என்கிறீர்களா?

போகும்போது கேளுங்கள் அம்மா. இன்னும் நிறைய வைத்திருப்பாள். என் பேச்சு முடிந்தது. அவள் பேச்சு தொடங்கட்டும். இவ்வளவு நேரம் எனக்குச் செவி தந்த உங்களுக்கும், மேடை தந்த பெரியோர்களுக்கும், பதில் தந்த அந்தப் பச்சைக் கவுனுக்கும் என் நன்றி. வணக்கம்!